அண்ணனுக்கு வைத்த பேனர்

உங்கள் மூஞ்சி எப்போதாவது பேனரில் வந்திருக்கிறதா?

தெற்கு மெட்ராஸ்காரர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் பேனரில் வராமல் ஒரு ஆள் வளரவே முடியாது. முதல் பிறந்தநாளுக்கு அட்டைக் கிரீடத்தோடு ஒன்று, சடங்குக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, கடைசியில் போகும்போது ஒன்று. அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு எங்கள் ஜங்ஷன் தெரியாது.

இதில் ஒரு விஷயம். எங்கள் ஆட்கள் பேனரைப் படிக்க மாட்டார்கள், பார்ப்பார்கள். பைக்கில் போகிற வேகத்தில் படம்தான் கண்ணில் விழும். ரெண்டு மூஞ்சி இருந்தால் கல்யாணம். கூலிங் கிளாஸ் போட்டுக் கை கட்டி நின்றால் பிறந்தநாள். கும்பிட்டால் கட்சி. ஒரே ஒரு மூஞ்சி, பெரிதாக, சிரிக்காமல், பின்னால் மேகம் இருந்தால் ஆள் காலி. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது. மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

என் அண்ணன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க மாட்டான். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

அண்ணனுக்கு ஆட்டிசம். இருபத்தைந்தைத் தாண்டிவிட்டான். ஆறடி உயரம், நல்ல உடம்பு. பேச்சு கொஞ்சம்தான். அதிலும் பாதி, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு. பயந்தாலும் அதுதான், சந்தோஷம் வந்தாலும் அதுதான்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." எந்த ரயில், எந்த நடைமேடை என்று அடுத்த வரி வராது. நாங்களும் ரொம்ப வருஷமாகக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அவனுக்கு உலகத்தில் பிடித்த இடம் எங்கள் வீட்டு பாத்ரூம். உள்ளே போனால் ஒரு மணி நேரம். ஜன்னல் விளிம்பில் அம்மாவின் போனை வைத்து ரயில் வீடியோவைப் போட்டுவிட்டு, மக்கில் தண்ணீர் மொண்டு, ஊற்றி, மொண்டு, ஊற்றி. இருக்கிற ஒரு பாத்ரூமுக்கு நாங்கள் மூன்று பேர் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். நடுவில் யாராவது போன் செய்தால், வீடியோ நின்றுவிடும் என்பதால் ஈரக் கையாலேயே கட் செய்துவிடுவான். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் எங்கள் அம்மாவைத் திமிர் பிடித்தவள் என்று நினைப்பதற்கு இதுதான் காரணம்.

தண்டையார்பேட்டையில் ஒரு பழைய குடோனுக்குப் பக்கத்தில் அவனுடைய சென்டர் இருக்கிறது. காலையில் போய்ச் சாயந்திரம் வருவான். அதை நடத்துகிற மேடத்துக்கும் இதே மாதிரி ஒரு பையன் உண்டு. அந்த மேடத்துக்கு ஒரு ஆசை: மாடியில் சில அறைகள் கட்டி, வளர்ந்த பிள்ளைகளை ராத்திரியும் அங்கேயே தங்க வைப்பது. அப்பா அம்மா போன பிறகு இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? சென்டரில் பெற்றோர் கூட்டம் என்று எதற்குக் கூப்பிட்டாலும், டீ ஆறுவதற்குள் பேச்சு இங்கே வந்து நின்றுவிடும். அம்மா அந்தக் கூட்டத்துக்குப் போய் வந்த ராத்திரி சாப்பிட மாட்டாள்.

நான் இருக்கிறேனே என்று ஒரு தடவை சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது.

"நீ அவனுக்கு தங்கச்சி. அம்மா இல்ல. உன் தலயில அவன கட்டிட்டு நான் போவ மாட்டேன்டி."

அதனால் மாடி அறை. அதில் அண்ணனுக்கு ஒரு கட்டில். எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் நாங்கள் மூன்று பேரும் விரும்பியது அது ஒன்றைத்தான்.

மாடிக்குக் காசு சேர்க்க, தெற்கே கடற்கரை ரோட்டில் நடக்கிற மாரத்தானில் சென்டர் பெயரில் யாராவது ஓடலாம் என்று மேடம் சொன்னார். ஓடுகிறவர்கள் தெரிந்தவர்களிடம் எல்லாம் நன்கொடை வாங்க வேண்டும். நான் கையைத் தூக்கினேன். காலேஜ் வரைக்கும் ஃபுட்பால் ஆடியவள். இருபத்தொரு கிலோமீட்டர் என்ன பெரிய இதுவா என்று ஒரு கெத்து. முதல் வாரமே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்தபடியே இறங்கினேன். அதை விடுங்கள்.

சாயந்திரம் அண்ணனோடு ஓடுவேன். கடலோரம் கருங்கல் கொட்டி வைத்திருக்கிற இடம் வரைக்கும் போய்த் திரும்புவோம். அவன் என் டி-ஷர்ட்டின் பின்நுனியைப் பிடித்துக்கொண்டு வருவான். விட மாட்டான். என் எல்லா டி-ஷர்ட்டுக்கும் பின்பக்கம் வால் முளைத்துவிட்டது.

காலையில் தனியாக, நீளமாக. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்குள் போகக் காத்துக் கிடக்கிற கன்டெய்னர் வண்டிகளின் ஓரமாகவே திருவொற்றியூர் பக்கம் போவேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். டிரெய்லர் டிரைவர். கேட் திறக்கிற வரைக்கும் அந்த வரிசையிலேயே சமைத்து, அந்த வரிசையிலேயே தூங்கி, அந்த வரிசையிலேயே சர்க்கரை மாத்திரை போடுவார். அவருடைய வண்டி எங்கே நிற்கிறதோ அதுதான் எனக்கு யு-டர்ன். டீயை மூடியில் ஊற்றித் தருவார்.

"இன்னாமா, இன்னிக்கு சீக்கிரம் வந்துட்ட?"

"நீதான் நைனா முன்னாடி நவுந்துட்ட."

"ஆமாமா, ரெண்டு வண்டி நவுந்துது. ஊருக்கே சொல்லு."

ஓடுவதெல்லாம் சரி. நன்கொடை? மாரத்தான்காரர்கள் ஒரு லிங்க் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அனுப்பினேன். "இன்னா மாமு, உன் போன யாரோ ஹேக் பண்ணிட்டான் போல, பாத்துக்க" என்று பதில் வந்தது. ஒருத்தி என்னை பிளாக்கே செய்துவிட்டாள். எங்கள் ஆட்கள் கஞ்சர்கள் கிடையாது. கையில் கேட்டால் கொடுப்பார்கள். லிங்க்கில் கேட்டால் ஓடுவார்கள்.

ஃபுட்பால் டீம் பிள்ளைகள்தான் சொன்னார்கள், பேனர் வைத்துவிடலாம் என்று. ஃப்ளெக்ஸ் கடை எங்கள் கோல்கீப்பரின் மாமாவுடையது. அண்ணனின் போட்டோ கேட்டார்கள். அவன் நேராகப் பார்க்கிற போட்டோ ஒன்றே ஒன்றுதான் உண்டு, மாற்றுத்திறனாளி அட்டைக்கு எடுத்தது. கண் கேமராவைத் தாண்டி எங்கோ பார்க்கும். உதடு மூடியிருக்கும். அதைக் கொடுத்தேன். கடைக்காரர் பின்னால் மேகம் போட்டார், மேகத்துக்குள் இருந்து வெளிச்சம் வருகிற மாதிரி கோடு போட்டார். "உனக்காக ஓடுகிறோம்" என்று பெரிய எழுத்து. கீழே வட்டம் வட்டமாக எங்கள் டீம் மூஞ்சிகள். கெத்தாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் உர்ரென்று இருக்கிற போட்டோவாகக் கொடுத்திருந்தோம். போனில் ஸ்கேன் செய்து காசு அனுப்புகிற கட்டம் கட்டமான படம் ஒரு மூலையில், தபால்தலை சைஸில். போனில் வந்த மாதிரியைப் பார்த்தேன், "செம" என்று அனுப்பினேன். ராத்திரியே ஜங்ஷனில் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் வழக்கம்போலக் கடல்பக்கமாக இறங்கி வடக்கே ஓடினேன். ஜங்ஷன் வழியாகப் போகவில்லை. ஓடும்போது போன் எடுத்துக்கொண்டு போவதும் இல்லை, பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பாதி வழியில், எதிரே ஒரு ஆள் ஓடி வருவதைப் பார்த்தேன். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவில், ஒரு காலில் மட்டும் ரப்பர் செருப்போடு. டிரைவர்கள் எல்லாம் கேபினில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். ரொம்ப நெருங்கின பிறகுதான் அது நைனா என்று எனக்கு உறைத்தது. அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸைக்கூட விட்டுவிடுகிற ஆள்.

"நைனா? வண்டி எங்க? இன்னா ஆச்சு?"

நிற்கவில்லை. கையை மட்டும் வீட்டுப் பக்கம் நீட்டினார். நானும் திரும்பி அவரோடு ஓடினேன். கொஞ்ச தூரம் போன பிறகு மூச்சுக்கு நடுவில் சொன்னார்:

"அண்ணன் போய்ட்டான்மா."

"எங்க போய்ட்டான்?"

"போய்ட்டான்மா."

வரிசையில் பின்னால் நின்ற டிரைவர் ஒருத்தர், விடியற்காலையில் எங்கள் ஜங்ஷன் வழியாக வந்திருக்கிறார். பேனரைப் பார்த்திருக்கிறார். நைனாவின் தோளைப் பிடித்து, "இன்னாயா, பையன் தவறிட்டான்னு பேனர் வச்சிக்கிறாங்க, நீ இங்க குந்தி டீ குடிச்சிகினு கீற?" என்று கேட்டிருக்கிறார். நைனா அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். கட். மறுபடியும். கட். மறுபடியும். கட். சாவியை அந்த டிரைவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி ஓட ஆரம்பித்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒரே வரி. பேனர் என் ஞாபகத்துக்கே வரவில்லை. நேற்று ராத்திரி பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன், நான் கிளம்பும்போது போர்வையைக் காலால் தள்ளியவன் செத்துவிட்டான் என்று நம்பிக்கொண்டு அந்தத் தூரம் முழுக்க ஓடினேன். அந்த ஓட்டத்தில் என் தலைக்குள் என்னென்ன வந்து போனது என்று எழுத மாட்டேன். டி-ஷர்ட்டின் பின்பக்கம் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, அதை மட்டும் சொல்கிறேன்.

தெரு முனையிலேயே பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. பந்தல்காரன் கம்பத்தோடு நின்றான். ஒரு பெரியவர் மாலையைக் கையில் பிடித்தபடி, "பேனர்ல சிலுவ இல்ல பாத்தியா. இந்த காலத்து பசங்களுக்கு எதுவும் தெரியல" என்று யாரிடமோ கோபித்துக்கொண்டிருந்தார். நைனா எல்லாரையும் தள்ளிக்கொண்டு போனார். நான் அவர் முதுகுக்குப் பின்னால்.

வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் தோசைக் கரண்டி, மாவு மணிக்கட்டு வரைக்கும். எதிர்வீட்டு அத்தை அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சுற்றிலும் தெருப் பெண்கள். அத்தை சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு முழுசாகக் கேட்டது.

"அழுதுடு. நெஞ்சுல வச்சிக்காத. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நீ கண்ண மூடிட்டா அவன யார் பாப்பாங்கன்னு இத்தினி வருசமா துடிச்சிகினு கெடந்தியே. அந்த பயம் இனிமே உனுக்கு இல்ல. மாதா கண்ணத் தொறந்துட்டா. உன் பொண்ணுக்கும் இனிமேட்டு நல்ல எடமா வரும்."

அம்மா அழவில்லை. மறுத்தும் சொல்லவில்லை. அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மக்கில் தண்ணீர் மொள்கிற சத்தம். ஊற்றுகிற சத்தம். அழுகைக்கு நடுவில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அம்மாவுக்குக் கேட்காமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

"எங்கடி அவன்?" நைனா கத்தினார். "எங்க படுக்க வச்சிக்கிற?"

அம்மா தூக்கத்தில் இருந்து எழுப்பினவள் மாதிரி நிமிர்ந்தாள். நைனாவின் தலை, லுங்கி, வெறும் கால் என்று மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இன்னாயா இது கோலம்? அவன் குளிச்சிகினு கீறான்."

அத்தை கையை எடுத்துக்கொண்டாள். எல்லா அழுகையும் ஒரே நேரத்தில் நின்றது. அப்போது பாத்ரூம் கதவு திறந்தது. அண்ணன், இடுப்பில் துண்டு, கையில் போன், தலையில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. வாசல் நிறைய ஆட்களைப் பார்த்தான். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

முதலில் யாரோ ஒரு பெண் 'ஐயோ' என்றாள். பிறகு சிரிப்பு. பந்தல்காரன் கம்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். மாலைக்காரப் பெரியவர், "சிலுவ இல்லாதப்பவே நான் டவுட் ஆனேன்" என்றார். "அப்ப அந்த பேனரு?" என்று யாரோ கேட்க, எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது.

"அடப்பாவி பொண்ணே, கூலிங் கிளாஸ் ஒண்ணு மாட்டி வுட்டிருந்தா பொறந்தநாளுன்னு போயிருப்போமே!"

"வுடு வுடு, சாவு சேதி வந்தா ஆயுசு கெட்டி. இவனுக்கு இனிமே நூறு வயசு!"

எல்லாரும் அதை ஆசீர்வாதமாகத்தான் சொன்னார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். நூறு வயசு என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அடுப்பில் தோசை கருகுகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நைனா தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனின் ஈரக் காலைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்குத் தொட்டால் பிடிக்காது. அன்றைக்கு என்னவோ நின்றான்.

மாலைக்கு என்று எடுத்து வந்த காசை ஆளாளுக்கு அங்கேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். அத்தையும் கொடுத்தாள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். லிங்க்கில் வராதது எல்லாம் அன்று ஒரு காலையில் வந்தது. பேனரைப் பசங்க அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். வேறு வீடாக இருந்தால் அது ஆட்டோவுக்கு மழைமறைப்பாகப் போயிருக்கும். அம்மா அதை முகம் உள்பக்கமாக இருக்கும்படி மடித்து அண்ணனின் பாய்க்கு அடியில் வைத்தாள்.

சாயந்திரம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எம்மா. அவன் உள்ள குளிக்கிறது உனுக்கு தெரியும் இல்ல. ஏன் சொல்லல?"

நாலைந்து மீன் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவ சொன்னா, இனிமே பயம் இல்லன்னு." கையைத் துடைக்காமலே நெற்றியில் விழுந்த முடியைத் தள்ளினாள். "ஒரு நிமிசம் பயம் இல்லாம இருந்துச்சுடி. நெசமாவே. அவன் பொறந்ததுல இருந்து எனுக்கு அப்படி இருந்ததே இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு சொல்லலாம்னு நின்னேன்."

பிறகு, "உங்க நைனா கிட்ட சொல்லாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. நைனாவிடம் வேறு ஒன்று கேட்டேன்: "ஆட்டோ புடிச்சிருக்கலாமே நைனா? டோல்கேட்ல மெட்ரோ கீது. இன்னாத்துக்கு ஓடுன?"

"தோணலமா."

அவ்வளவுதான் சொன்னார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிகூட இருந்தது.

செருப்பு எங்கே அறுந்தது என்று அவருக்கே தெரியாது. சர்க்கரைக்காரர், பாதத்தில் உணர்ச்சி குறைவு. கன்டெய்னர் லோடில் இருந்து விழுகிற ஆணி, தகரம், கண்ணாடி எல்லாம் கிடக்கிற ரோடு அது. என்ன குத்தியது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. மறுநாளே வண்டிக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தபோது அறைக்குள் ஒரு வாடை. அம்மா எலி செத்துக் கிடக்கிறது என்று பீரோவுக்குப் பின்னால் எல்லாம் தேடினாள். அண்ணன்தான் நேராகப் போய் நைனாவின் வலது காலுக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

மாரத்தான் அன்று நைனா ஆஸ்பத்திரி வார்டில் இருந்தார். காயம் அழுகி, கால்விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். போகவில்லை என்று சொன்னேன். "ஓடிட்டு வா. சும்மா என் கால பாத்துகினு இன்னா பண்ணப் போற?" என்று துரத்திவிட்டார்.

போனேன். அங்கே எல்லாரும் இடுப்பில் தண்ணீர் பாட்டில் பெல்ட் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற அக்கா எங்கே இருந்து வருகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டாள். ராயபுரம் என்றேன். "ஓ, அவ்ளோ தூரமா!" என்றாள், நான் ஆந்திராவில் இருந்து வந்த மாதிரி. வேறு ஒரு நாளாக இருந்தால் நல்லா நாலு கேட்டிருப்பேன். ஓடினேன். வழியெல்லாம் கைதட்டினார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள், ஒரு ஸ்கூல் பேண்டு வாசித்தது. கன்டெய்னர் இல்லை, நிலக்கரித் தூசி இல்லை, மூச்சு இழுத்தால் கடல் வாசனை மட்டும். இவ்வளவு நல்ல ரோட்டில் நான் ஓடியதே இல்லை. நைனா ஓடிய ரோடுதான் காலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டி மெடலை மாட்டியபோது ஒரு தம்பி போட்டோ எடுத்தான், சிரிக்கச் சொன்னான். சிரித்தேன். சிரிக்கணும் இல்லையா.

மெடலை அண்ணனிடம் கொடுத்தேன். பாத்ரூம் குழாயில் மாட்டினான். அதன் மேல் தண்ணீர் விழுகிற சத்தம் அவனுக்குப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆனது.

நைனாவுக்கு விரல் போய், பிறகு பாதி பாதம் போனது. வலது கால். பிரேக் மிதிக்கிற கால். முதலாளி வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அண்ணனைப் பார்த்துக்கொள்ள ரொம்ப நாளைக்கு முன்னால் விட்ட வேலைக்கு அம்மா திரும்பப் போனாள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். எனக்கு அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் வேலை. சென்டர் விட்டதும் வேனில் வந்து இறங்குகிற அண்ணனை, நாங்கள் வருகிற வரைக்கும் நைனாதான் பார்த்துக்கொள்வார். ரெண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து ரயில் பார்ப்பார்கள். அது நல்லாவே போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் சாயந்திரம், நான் அவனை ஓடக் கூட்டிக்கொண்டு போகிற நேரம். எனக்கு வேலை முடியவில்லை. அவன் செருப்பைப் போட்டான், கதவைத் திறந்தான், தானாகவே ஓடக் கிளம்பிவிட்டான். கடல் பக்கம். நடுவில் அந்த எக்ஸ்பிரஸ் ரோடு.

நைனா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போயிருக்கிறார். படியில் விழுந்திருக்கிறார். தெருவில் ஆம்பிளைகள் யாரும் இல்லாத நேரம். எதிர்வீட்டு அத்தைதான் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். ரெண்டு டிரெய்லருக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றவனை, ஒரு டிரைவர் வண்டியைக் குறுக்கே நிறுத்திப் பிடித்திருக்கிறார். அன்றைக்குச் செய்தி சொன்ன அதே டிரைவர் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை, வேறு யாரோ வெளியூர்க்காரர்.

நான் வந்தபோது நைனா படியிலேயே உட்கார்ந்திருந்தார். முழங்கையில் ரத்தம்.

"ஓட முடியலமா" என்றார்.

மாடி அறை அதற்குள் தயாராகிவிட்டது. கட்டில் கொஞ்சம்தான். பெற்றோர் இல்லாதவர்களுக்கு முதலில் என்றுதான் பேச்சு. அம்மா மேடத்திடம் போனாள், நானும் கூட இருந்தேன்.

"நாங்க போனப்புறம்னு சொன்னேன் இல்ல மேடம். இப்பவே குடுத்துடுங்க."

"நீங்க நல்லாத்தானேம்மா இருக்கீங்க?" என்று மேடம் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சரி என்று தலையை ஆட்டினார்.

முதல் ராத்திரி அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவன் கத்துவான், கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். ஆசைப்பட்டாள் என்றும் சொல்லலாம். மேடம் கூப்பிட்டார். சாப்பிட்டான், படுத்தான், தூங்கிவிட்டான். "ஒண்ணும் பிரச்சினையே இல்லம்மா." அம்மா 'சரிங்க மேடம்' என்று சொல்லிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை வருவான். மாதா கோயில் முடிந்து, மீன் குழம்பு சாப்பிட்டு, நீளமாக ஒரு குளியல். டி-ஷர்ட்டைப் பிடித்துக்கொண்டு என்னோடு ஒரு ஓட்டம். இருட்டுகிற நேரத்தில் அவனாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்பான். யாரும் கிளம்பச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டில் அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் நான் ஓடினேன். கிடைத்துவிட்டது. அம்மா அவன் டப்பாவில் நெத்திலி வறுவலைப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், வேன் போன பிறகுதான் வருவாள். எதிர்வீட்டு அத்தை மட்டும் அவள் வாசலில் நின்று கை காட்டுவாள். அவன் பார்க்க மாட்டான்.

இன்றைக்குப் புதன்கிழமை. காலை மணி ஏழு. பாத்ரூம் காலியாக இருக்கிறது.